குலுங்காத வண்டி

என் உயிரான பேச்சிக்கு,

ஆற்றுக்கு வடக்கே கால்வாயில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். கரையோரமாக நாள் முழுவதும் மோட்டார் சைக்கிளில் அலைகிறேன். ஓவர்சியர் உத்தியோகம் என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிப்பது என்று நம்பிக் கழுத்தை நீட்டியவள் நீ. பிறகு புழுதி மூட்டையாக வந்து நிற்கிறவனைப் பார்த்து, "பொண்ணு பாக்க இந்தக் கோலத்துல வந்திருந்தீகன்னா நான் தலையாட்டியிருக்கவே மாட்டேன் மாமா" என்று சிரிப்பாய். இப்போதும் புழுதியோடுதான் வருகிறேன். கதவை நானே திறந்து நானே சாத்திக்கொள்கிறேன்.

நேற்று உன் அண்ணன் மாயாண்டி வந்திருந்தார். ஒன்று கேட்டுவிட்டுப் போனார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன்னிடம் கேட்காமல் நான் எதைச் செய்திருக்கிறேன்?

நம் வண்டியைப் பற்றித்தான் பேச்சு. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரையிடமிருந்து கைமாறிக் கைமாறி என்னிடம் வந்து சேர்ந்த வண்டி. கைப்பிடி என்ன அதிர்வு அதிரும்! அரை நாள் ஓட்டினால் உள்ளங்கை இரண்டும் மரத்துவிடும். சாப்பிட உட்கார்ந்தால் விரலில் சோறு நிற்காது. நீதான் உருட்டி ஊட்டினாய். அதனால் அதை நான் ஒரு குறையாகவே நினைக்கவில்லை. அதிர்ந்தால் அதிரட்டும் என்று காலம் பூராவும் விட்டிருப்பேன்.

நீ முழுகாமல் இருக்கிறாய் என்று தெரிந்த பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. நம் காளவாசல் வீட்டில் இருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாட்டு வண்டி ஆடி அசைந்து எப்போது போய்ச் சேர்வது? வேளைக்கு ஒரு ஜட்கா கிடைக்குமா? மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் நிமிஷத்தில் போய்விடலாம். ஆனால் நீ ஒரு நாள் என்ஜின் ஓடும்போது அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாய். "தொட்டாலே வயித்தக் கலக்குது மாமா. இதுல ஏறுனா புள்ள வழியிலயே எறங்கிரும்" என்றாய். அப்படியானால் இந்தக் குலுக்கலை ஒழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று இறங்கினோம்.

பட்டறைக்காரரைக் கேட்டால், பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று கையை விரித்துவிட்டார். நாமே பார்த்தோம். என்ஜினைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் போல்ட் ஒன்று தொளதொளவென்று கிடந்தது. அதை முறுக்கியதுமே பாதி அதிர்வு போயிற்று. மீதிக்குப் பழைய கார் டயரை வில்லை வில்லையாக அறுத்து, கைப்பிடிக் குழாய் வண்டியோடு சேருகிற இடத்தில் கொடுத்து இறுக்கினேன். குழாயின் இரண்டு முனையிலும் ஈயத்துண்டுகளைத் திணித்துக் கட்டையால் அடைத்தோம். முனையில் கனம் ஏறினால் நடுக்கம் அடங்கும். சைக்கிள் ட்யூபை நாடாவாகக் கிழித்துப் பிடியில் சுற்றியது நீ. ஜடை பின்னுகிற கை அல்லவா, ஒரு சுருக்கம் விழவில்லை.

அப்புறம் பின்னால் உனக்கென்று ஓர் ஆசனம், பஸ் சீட்டின் ஸ்பிரிங் வைத்தது. ஒருக்களித்து உட்கார்ந்தால் கால் வைக்க ஒரு பலகை. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை. குலுங்குகிறதா என்று சோதித்ததும் உன் யோசனைதான். சொம்பு நிறையத் தண்ணீர் மொண்டு அந்த ஆசனத்தில் கட்டிவிட்டாய். திருப்பரங்குன்றம் வரை போய் வந்தேன், சொம்பு காலி. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கி, இன்னொரு வில்லை கொடுத்து மறுபடி போனேன். இப்படியே நடந்து, கடைசியில் ஒரு நாள் சொம்பு கழுத்தளவு தண்ணீரோடு திரும்பி வந்தது. நீ அதை அப்படியே என் தலையில் கவிழ்த்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாய். அவ்வளவு சந்தோஷமாக இருந்தோமே பேச்சி, யார் கண் பட்டது?

ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். உன் அண்ணன் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக்கொண்டு வந்து நின்றார். நான் விடவில்லை. உங்கள் ஊர் நாகமலைக்கு அந்தப் பக்கம், மருத்துவச்சியை விட்டால் வேறு நாதி இல்லை, இங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, வாசலில் வண்டி இருக்கிறது என்று சண்டையே போட்டேன்.

"தலப்பெரசவம் தாய் வீட்டுலதான மாப்ள? ஊரு ஒலகத்துல இல்லாததையா செய்றோம்? எங்க புள்ளய எங்களுக்குப் பாக்கத் தெரியாதா?" என்றார் அவர்.

நீயும் அந்தப் பக்கமே சாய்ந்தாய். "ஆத்தா பக்கத்துல இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும் மாமா. வலி எடுத்தா ஆள் அனுப்பச் சொல்றேன். நீங்க வண்டிய எடுத்துக்கிட்டு வந்துருங்க" என்றாய். பெற்றவள் மடியைத் தேடுகிறவளிடம் நான் என்ன பேசுவது?

ஆள் வரவில்லை.

மாட்டு வண்டிதான் வந்தது, உச்சி வெயிலில். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய வண்டி நேரே போகாமல் நம் தெருவுக்குள் திரும்பியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்ணின் உடம்பு புருஷன் வீட்டுக்குத்தானே வர வேண்டும்? நாகமலையைத் தாண்டும்போதே நீ போய்விட்டாய் என்றார்கள். பிள்ளை வெளியே வரவே இல்லை. நம் வண்டி வாசலில் பெட்ரோல் நிரப்பித் தயாராக நின்றது.

இப்போது எனக்குக் கை மரப்பதே இல்லை. நானே பிசைந்து நானே சாப்பிடுகிறேன். இந்தச் சுகத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சில நாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அந்த ரப்பரையெல்லாம் பிடுங்கி எறியப் போவேன். நீ சுற்றிய நாடாவில் கை பட்டதும் திரும்பிவிடுவேன். சாமி கும்பிடுவதையும் விட்டுவிட்டேன். அதற்காக என்னைக் கோபித்துக்கொள்ளாதே.

நேற்று உன் அண்ணன் வாசலோடு நின்றார். உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பெண்சாதிக்கு, உன் மதினிக்கு, நிறைமாதமாம். இரண்டாவது பிள்ளை என்பதால் பேறு உங்கள் வீட்டிலேயேதான். முதல் பிள்ளைக்கே செத்துப் பிழைத்தவள் அவள்.

"நான் கேக்கக் கூடாதுதான் மாப்ள, எனக்கு அந்த யோக்கியத இல்ல. வலி எடுத்தா ஆள் அனுப்புறேன். வண்டியக் கொண்டாந்துருங்க" என்றார்.

"அன்னைக்கு ஏன் மச்சான் ஆள் அனுப்பல?"

இதுவரை நான் கேட்காத கேள்வி. அவர் தரையைப் பார்த்தார். "குலுங்குமேன்னு பயந்துட்டோம் மாப்ள. மாட்டு வண்டின்னா பதனமாப் போகும்னு…"

"பேச்சி ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னுச்சு. மாமா வண்டி இப்பக் குலுங்காது, ஆள் அனுப்புங்க ஆள் அனுப்புங்கன்னு அம்புட்டு வலியிலயும் சொல்லிக்கிட்டே கெடந்துச்சு. புருசன விட்டுக்குடுக்க மாட்டாமப் பேசுதுன்னு நெனச்சோம். நாங்க யாருமே நம்பல மாப்ள." உன் அண்ணன் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. போங்கள் என்று மட்டும் சொன்னேன்.

பேச்சி, அந்த வைக்கோல் மேல் கிடந்துகொண்டு என் வண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டியிருப்பாயா? இந்த மனுஷன் இன்னும் வரவில்லையே என்று நினைத்திருப்பாயா? எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதாவது கடைசியில் உனக்குத் தெரியுமா?

உன் மதினியை நான் ஏற்றிக்கொண்டு போனால் அவள் பிழைத்துவிடுவாள். எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இதுவரை, எப்படிப் போயிருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய், உன் விதி அவ்வளவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு வாய் சோறு இறக்குகிறேன். அவள் பிழைத்துவிட்டால் அதுவும் போய்விடும். பிறகு நான் எதைச் சொல்லிக்கொண்டு இருப்பேன்?

இருந்தாலும் ஆள் வந்தால் போவேன். வலியில் துடிக்கிற ஒருத்தியைக் காக்க வைக்க மாட்டேன். உனக்காகச் செய்த ஆசனத்தில் அவளை உட்கார வைத்து, உயிரோடு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் இறக்குவேன். இது உன்மேல் சத்தியம். அன்றைக்கு உங்கள் ஊரே கூடி, பேச்சி சொன்னது நிஜம்தான், வண்டி குலுங்கவில்லை என்று சொல்லும். அதை உன்னிடம் வந்து யார் சொல்வார்கள்?

உன்னையே நினைத்திருக்கும்,
உன் மாமன்