என் பெயரைக் கேட்டாயே, அர்பினே

மார்த்துனி, நவம்பர் 17

என் உயிரே அர்பினே, உன் நோவெல்லாம் எனக்கு வந்து சேரட்டும்.

நான் இங்கே நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளை செரோப்பும் குழந்தைகள் இரண்டு பேரும் வயிற்றில் இருக்கும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டுக்கொள்கிறேன். இந்த வருடம் பனி முந்திக்கொண்டது. ஏரிப் பக்கமிருந்து வரும் காற்று கதவிடுக்கில் நுழைந்து விடுவதால் பெரிய அறையைப் பூட்டிவிட்டு அடுப்பு இருக்கிற அறையிலேயே படுக்கையைப் போட்டுக்கொண்டேன். உருளைக்கிழங்கைக் குழியில் இறக்கி மூடியாகிவிட்டது, நானே செய்தேன், கோபப்படாதே, இரண்டு நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது, இப்போது பரவாயில்லை. பசுவை விற்றதைப் போன முறையே சொன்னேன். எதிர்வீட்டு சஹாக் குடும்பமும் ருஷ்யாவுக்குப் போய்விட்டது. சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதோடு எங்கள் தெருவில் பூட்டிய வீடுகளின் சாவிகள் என்னிடம் மூன்று ஆகின்றன. காலையில் எழுந்தால் எந்தப் புகைபோக்கியில் புகை வருகிறது என்று பார்ப்பது பழக்கம், இப்போது தெருவில் என்னுடையதைத் தவிர வேறெதிலும் வருவதில்லை. போனில் பேச வேண்டியதை இந்தக் கிழவி ஏன் கடிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரியும்போது உன் தோளுக்குப் பின்னால் சம்பந்தியம்மா வர்துஷின் முகமும் தெரிகிறது. அதனால்தான் உனக்காகச் சடையாகப் பின்னிக் காயவைத்த காட்டுக்கீரைக்கு நடுவில் இதை மடித்து வைத்து அனுப்புகிறேன். காட்டுக்கீரை புளிக்கிறது என்று அவள் தொடமாட்டாள், எனக்குத் தெரியும்.

போன ஞாயிறு நீ சொன்னதைத்தான் எழுத வந்தேன். மூன்றாவதும் பெண் என்று டாக்டர் சொல்லிவிட்டார், அவளுக்கு உன் பெயரையே வைக்கப்போகிறோம் அம்மா, பவகான் என்று, நீ சம்மதம் சொன்னால் போதும் என்றாய். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உன் முகம் வாடியது கண்ணாடியில் பார்த்தது போலத் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன் மகளே, அன்று முழுவதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பிரான்ஸில் ஒரு வீட்டில், மூன்று குழந்தைகள் ஓடுகிற வீட்டில், பவோ சாப்பிட வா, பவோ செருப்பைப் போடு, பவோ தூங்கு என்று நாள் முழுவதும் சத்தம் போடுவீர்கள் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். பானையில் போட்ட முட்டைக்கோஸ் அடிப்பிடித்ததுகூடத் தெரியவில்லை. ஆசை யாரை விட்டது. ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோதுதான் நீ நடுவில் சாதாரணமாகச் சொன்ன இன்னொரு வார்த்தை தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. அத்தைதான் சொன்னாங்கம்மா, அந்தப் பேரு வெச்ச அப்புறம்தானே உங்க வீட்டுல பையன் பொறந்தான்னு, என்றாயே, அது.

முதலில் என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மற்றது. என் பெயரை இப்போது கூப்பிட ஆளில்லை, அர்பினே. ஒரு காலத்தில் அதற்கு எத்தனை உருவம் இருந்தது. அக்காமார்கள் பவோ என்பார்கள். பள்ளிக்கூடத்து ருஷ்ய டீச்சருக்கு வாயில் நுழையாமல் வால்யா என்று எழுதிக்கொண்டாள், எட்டு வருடம் நான் வால்யா. பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் மேற்பார்வைக்காரியானதும் அப்பா பெயரையும் சேர்த்து பவகான் அவாகோவ்னா என்று மரியாதையாகக் கூப்பிட்டார்கள், நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். உன் அப்பா, அவர் ஆத்மா வெளிச்சத்தில் இருக்கட்டும், நல்ல மனநிலையில் இருந்தால் பவிக் என்பார், கோபம் வந்தால் முழுப்பெயரையும் இழுத்துச் சொல்வார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. நீ அம்மா என்கிறாய், குழந்தைகள் பாட்டி என்கிறார்கள், மிச்சமிருக்கும் நாலு கிழவர்களுக்கு நான் உன் அப்பா பெயரில் ஹ்மாயாக் வீட்டம்மா. தபாலாபீசில் மாதம் ஒருமுறை ஓய்வூதியம் வாங்கப் போனால் ஜன்னலுக்குள்ளிருந்து அந்தப் பெண் என் பெயரை உரக்கப் படிப்பாள். முதல் தடவை கேட்காதது போல நின்றுவிட்டு இரண்டாம் தடவை படிக்க வைப்பேன், இதை யாரிடமும் சொன்னதில்லை. இந்த மாதம் அங்கே சீட்டு கொடுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. நாற்பத்து மூன்று, ஜன்னல் இரண்டு, என்று அது சொன்னது. நான் எழுந்து போனேன்.

இனி மற்றது. பெயரின் அர்த்தம் உனக்குத் தெரியும், ஆனால் சிரிப்புக் கதையாகத்தான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்னால் மூன்று பெண்கள். ஷோகிக்குக்கும் தாகுஹிக்கும் அழகான பெயர்கள் வைத்தார்கள். மூன்றாவதும் பெண்ணாகப் போகவே உன் பெரியம்மாவுக்கு ஹெரிக்நாஸ் என்று வைத்தார்கள், போதும் உன் சிணுங்கல் என்று. கடவுள் காதில் விழவில்லை போலிருக்கிறது, நான் வந்தேன். இந்தத் தடவை சுற்றி வளைக்காமல் பவகான், பெண் போதும், அவ்வளவுதான். எங்கள் ஊரிலேயே அப்போது மூன்று பவகான்கள், ஒரு ஹெரிக் உண்டு, எல்லோரும் அக்காமார் நிறைந்த வீட்டுக் கடைக்குட்டிகள். எனக்கு நாலு வயதாகும்போது தம்பி பிறந்தான். அன்று அப்பா என்னைத் தோளில் தூக்கி உட்காரவைத்துத் தெருத்தெருவாகச் சுற்றினார். இவ பேரு பலிச்சிருச்சு, இவ காலு நல்ல காலு, என்று சொல்லிக்கொண்டே போனார். வீட்டுக்கு வீடு வெளியே வந்து என் நெற்றியில் முத்தம் கொடுத்தார்கள், கைநிறைய உலர்ந்த ஆப்ரிகாட் பழம், ஒருத்தி காதோலைகூடக் கழற்றி மாட்டினாள். நான் அதெல்லாம் எனக்கான திருவிழா என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து கதவருகே போய் நின்றேன், அப்பா வந்து தூக்குவார் என்று. அவர் என்னைத் தாண்டித் தொட்டிலுக்குப் போனார். மதியம்வரை நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் அந்தத் தோள் எனக்குத் தெரியாது. தம்பிக்கு மினட்சகான் என்று பெயர் வைத்தார்கள், எங்களோடு தங்கிவிடு என்று. அவன் ருஷ்யாவில் ராஸ்தோவுக்குப் போய் முப்பது வருடம், அப்பா படுக்கையில் கிடந்தபோது வரவில்லை, அடக்கத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தான். அவனையும் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரால் யாரையும் பிடித்து வைக்க முடியாது, யாரையும் வரவழைக்கவும் முடியாது. வருவது அதுவாக வருகிறது, இடையில் ஒரு பெண்பிள்ளை வாழ்நாள் முழுக்க அந்தப் பெயரைச் சுமக்கிறாள்.

உனக்குச் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ பிறந்தபோது உன் அப்பாவின் அம்மா, முதலாவதே பொண்ணா, இப்பவே வாசல அடைச்சிருங்க, ஹெரிக்னு எழுதிட்டு வாடா, என்று உன் அப்பாவிடம் சொன்னாள். அவர் நல்லவர்தான், ஆனால் தாய்க்கு முன்னால் வாய் திறக்கமாட்டார். திங்கட்கிழமை போகிறேன் என்றார். நான் சனிக்கிழமையே, பிள்ளை பெற்ற ஒன்பதாம் நாள், உன்னைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு சேற்றில் மூன்று கிலோமீட்டர் நடந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் என்ன பேரு என்றார். வழியில் சூரியன் வெளியே வந்து உன் முகத்தில் விழுந்திருந்தது, அந்தச் சூரியனின் பெயராகவே அர்பினே என்று எழுதச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் மாமியார் ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. உனக்குப் பிறகு வேறு பிள்ளையும் வரவில்லை. அவள் சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டினாள். நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை.

ஆனாலும் நேற்றுவரை உனக்கு வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அதுதான் வெட்கம். நீ அன்று சொன்னாய் அல்லவா, இங்க யாருக்கும்மா அர்த்தம் தெரியும், பிரெஞ்சுக்காரங்க வாயில பூப்பேரு மாதிரி இருக்கும்னு. அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன், அங்கே அது வெறும் சத்தம்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று. கடைசியில் தாங்காமல் ஹெரிக்நாஸுக்குப் போன் போட்டேன். அவளுக்குக் காது மந்தம், வாய் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும், ஏன், என் பேரை யாரும் கேக்கலையா, நானும் போதும்தானே, ரெண்டையும் சேத்து வெச்சா அடுத்து ரெட்டைப் பையனா பொறக்குமே, என்றாள். நான் சிரிக்கவில்லை. பிறகு அவள் சொன்னாள். அடியே பவோ, உனக்கு எட்டு நாள் வேற பேரு இருந்துச்சு, தெரியுமா. நான் என்ன உளறுகிறாய் என்றேன். அப்ப எனக்கு ஏழு வயசு, அப்பா மலையில ஆட்டுக் கிடைக்குப் போயிருந்தார், அம்மா உன்னைப் பக்கத்துல போட்டுக்கிட்டு மனுஷாக், மனுஷாக்னு காதுல கூப்பிட்டுக்கிட்டே இருந்தா, எட்டாம் நாள் அப்பா கீழ எறங்கி வந்தார், பேரை எழுதிட்டே வந்தேன்னார், அதோட அம்மா வாயை மூடிக்கிட்டா, என்றாள். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன், அவளுக்குக் கேட்க வேண்டுமென்றுதான் கத்தினேன். அவள் மெதுவாகச் சொன்னாள். எனக்கு அப்படி ஒரு பேரு அம்மா வெக்கலையேடி. வயித்தெரிச்சல். உனக்குத் தெரியாம இருந்தா நாம ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நெனச்சுக்கலாம்னு இருந்துட்டேன். அறுபத்தாறு வருடம் பொத்தி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. இருவரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம், அவளுக்கு என் அழுகை கேட்டதா தெரியாது.

மனுஷாக் என்றால் பனி கரையும்போது வேலியோரத்தில் முதலில் தலைகாட்டுமே அந்த ஊதாப்பூதான், உனக்குத் தெரியும். நான் பிறந்தது ஏப்ரல் தொடக்கம், அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பாள். அவள் என்னை அதிகம் கொஞ்சியதில்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எட்டு நாள் கொஞ்சியிருக்கிறாள். ஆகவே அர்பினே, என் பெயரைக் குழந்தைக்கு வைக்காதே. அங்கே அர்த்தம் தெரியாது என்கிறாய், உனக்குத் தெரியும், செரோப்புக்குத் தெரியும், வர்துஷுக்கு நன்றாகவே தெரியும். அவளை அதிகம் தூக்கி வளர்க்கப்போகிறவர்கள் நீங்கள் மூவரும்தான். அந்தப் பெயர் என்னோடு முடியட்டும். மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றினால் அந்த இன்னொரு பெயரை வை. எட்டு நாள்தான் புழங்கியது, பெட்டியில் மடித்து வைத்த துணி போலப் புதிதாகவே இருக்கிறது. சம்பந்தியோடு சண்டை போடாதே, அவளும் ஏதோ ஒரு வீட்டில் நாலாவதோ ஐந்தாவதோ பெண்ணாகத்தான் பிறந்திருப்பாள். பாட்டிக்குப் பிடித்த பூ என்று மட்டும் சொல். ஆனால் பிள்ளை பிறந்ததும் பெயர் எழுதும் காகிதத்தை வேறு யார் கையிலும் கொடுக்காதே, செரோப் நல்ல பையன், இருந்தாலும் நீயே எழுது. கனமாக எதையும் தூக்காதே, காலில் வீக்கம் இருந்தால் உப்பைக் குறை, கீரையை இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்துப் பூண்டுத் தயிரோடு சாப்பிடு. மூத்தவர்கள் இருவருக்கும் இரண்டு ஜோடிக் காலுறை வைத்திருக்கிறேன், சிறிதாக இருக்கும் மூன்றாவது ஜோடி வரப்போகிறவளுக்கு.

சூரியன் உன் வாசலை விட்டு நகராதிருக்கட்டும், நீ மலையும் பூவுமாக இருக்க வேண்டும், ஜனவரியில் நோவில்லாமல் பெற்று எழுந்திருக்க வேண்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவள் பிறந்த பிறகு எனக்குப் போன் செய்வாய் அல்லவா, அப்போது முதலில் என்னிடம் பேசாதே. போனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, நாலைந்து தடவை, நிதானமாக, காதோடு, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. இங்கிருந்து நான் என்னம்மா என்று கேட்டால் சிரிக்காதே.

உன் அம்மா,
பவகான்