வலிக்காமல் வைத்த கை

ஜூன் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணினே, நான் எடுக்கல. போன்ல பேசினா நீ அழுவே, நானும் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வச்சுடுவேன். அதான் லெட்டர்.

அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வரவேண்டாம்மா.

கோவிச்சுக்காதே. பட்டறையில பெயிண்ட்ல கலக்குற தின்னர் டப்பா தீப்பிடிச்சு, உங்க அண்ணனுக்கு வலது அக்குளும் விலாவும் வெந்து போன நாள்ல இருந்து, உன் ஆஸ்பத்திரி தீக்காய வார்டுல நீதான் பிசியோதெரபி பாத்தே. இல்லைன்னு சொல்லல. உன்னாலதான் மனுஷன் எழுந்து நடந்தார். ஆனா இப்ப வீட்டுக்கு வந்தாச்சு. வாராவாரம் நீ பஸ் பிடிச்சு வந்து அவர் கையைத் தூக்குறப்ப, அவர் போடுற சத்தத்துல எதிர்வீட்டு வாத்தியார் டிவியை நிறுத்திட்டு எட்டிப் பாக்குறார். நீ வர்ற நேரமானாலே இவர் பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குறார். கூடப்பிறந்தவளுக்குப் பயந்து ஒளியுற ஆம்பளையை நான் எங்க கண்டேன்!

கையை இறக்கை மாதிரி விரிச்சு வைக்க நீ செஞ்சு குடுத்தியே, அந்த பிளாஸ்டிக் ஸ்ப்ளிண்ட், அதையும் கழட்டிட்டேன். ரெண்டு தலையணை குடுத்து, கையை நெஞ்சோட அணைச்சுப் படுக்கச் சொன்னேன். பச்சப்புள்ள மாதிரி தூங்குறார். அதைப் பாத்து எனக்கே உசுரு வந்துச்சு.

உடம்பைப் பாத்துக்கோ. வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணி


ஜூன் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வரவேண்டாம்னு எழுதிட்டு, வேளாவேளைக்குச் சாப்பிடுன்னு வேற! எப்படி இறங்கும், நீங்களே சொல்லுங்க.

அண்ணி, அந்தத் தலையணைங்களை இன்னைக்கே எடுத்துடுங்க. உங்க கால்ல வேணா விழுறேன். புண் மூடினதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்குறாங்க. மூடின பிறகுதான் அந்தப் புதுத்தோல் சுருங்க ஆரம்பிக்கும், மாசக்கணக்குல சுருங்கும். கை எங்க சுகமா இருக்கோ, அங்கேயே பிடிச்சுக்கும். நெஞ்சோட அணைச்சு வச்சா நெஞ்சோடயே நின்னுடும். அண்ணன் பஸ்ஸுக்குப் பெயிண்ட் அடிக்குறவர். தோளுக்கு மேல கை போகலைன்னா ஸ்ப்ரே கன்னை எப்படிப் பிடிப்பார்?

அவர் கத்துறது எனக்கு மட்டும் இனிக்குதா? வார்டுல யார் கத்தினாலும் முப்பது எண்ணி முடிக்காம கையை விடமாட்டேன். இவர் “போதும் பாப்பா”ன்னு சொன்னா எண்ணிக்கையே மறந்துடுது. திரும்பி வர்றப்ப பஸ்ல அழுதுகிட்டேதான் வர்றேன். ஒரு தடவை பக்கத்துல இருந்த அம்மா, ஏதோ காதல் தோல்வின்னு நினைச்சு ஜன்னல் சீட்டை விட்டுக்குடுத்தாங்க.

நான் வேண்டாம்னா வரல. ஸ்ப்ளிண்டை மட்டும் மாட்டிவிடுங்க. வலி மாத்திரை போட்டு அரைமணி கழிச்சு, எண்ணெய் தடவி, கையை மெதுவா விரிச்சு மேல கொண்டுபோங்க. ஒரு இடத்துல வடு வெளுக்கும். அங்க நிறுத்தி அப்படியே பிடிச்சிருங்க. வெடுக்குன்னு இழுத்துடாதீங்க. பாவம் பாத்து விட்டுடவும் வேண்டாம்.

உங்கள் சின்னவள்


ஜூன் 14

சின்னவளுக்கு,

பாடம் நடத்தி முடிச்சாச்சா? தெருமுனை கிளினிக் நர்ஸம்மா நேத்து பாத்தாங்க. புண்ணு சுத்தமா ஆறிடுச்சாம். “நல்லா பாத்துக்கிட்டீங்க”ன்னு என்னைத்தான் சொன்னாங்க. வீட்டுல இப்பதான் சிரிப்புச் சத்தம் கேக்குது. அவரைக் கட்டிக்கிட்டவ நான். அவருக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியாதா? இத்தோட விட்டுடு.

அண்ணி


ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

போனும் எடுக்க மாட்டேங்குறீங்க. அதுக்கப்புறம் நான் போட்ட ரெண்டு லெட்டருக்கும் பதில் இல்ல. திட்டியாவது எழுதுங்களேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அண்ணன் வலது கையாலதான் தலை சீவுறாரா?

சின்னவள்


ஆகஸ்ட் 11

என் சின்னவளுக்கு,

உன் லெட்டர் வந்த அன்னைக்கே பாத்தேன். இடது கையாலதான் சீவினார். பழகிட்டார், அவ்வளவுதான்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

போன மாசக் கடைசியில பட்டறை முதலாளி வந்தார். “எப்பப்பா வர்றே? பஸ்ஸெல்லாம் உனக்காக நிக்குது”ன்னு கேட்டார். இவருக்கு ஒரே சந்தோஷம். இதோ பாருங்கன்னு கையைத் தூக்கினார். தோள் வரைக்கும்கூட வரல. அக்குள்ல தோல் கயிறு மாதிரி விறைச்சு நின்னுச்சு. முதலாளி காபி டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தார். இவர் என்னைப் பாத்தார். அந்தப் பார்வையைச் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்டி.

மறுநாளே இங்க இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்க பிசியோ பாக்குறவர் தொட்டுப் பாத்துட்டு, வடு இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, முத்திப்போகல, இப்ப விடாம செஞ்சா நிறைய மீட்டுடலாம், ஆபரேஷன் வேணுமாங்குறதை அப்புறம் பாக்கலாம்னு சொன்னார். ஸ்ப்ளிண்ட் புதுசா செஞ்சு குடுத்தார். அங்க போகாத நாள்ல வீட்டுல செய்யணும்.

நான்தான் செய்யுறேன். நீ எழுதின மாதிரியே மாத்திரை, எண்ணெய், வெளுக்குற இடம். முதல் நாள் அவர் கத்தின கத்துல விட்டுட்டேன். மறுநாள் விடல. “நீயெல்லாம் ஒரு பொம்பளையா”ன்னு கேட்டார். உன்னைத் திட்டினப்பவாவது உன்னோட நிறுத்திக்கிட்டார். என்னை எங்கப்பாவையும் சேத்துத் திட்டுறார். தட்டுல சோறு வச்சா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுச் சாப்பிடுறார். இத்தனை நாளா இதையெல்லாம் நீ தனியா வாங்கிக்கிட்டு பஸ் ஏறியிருக்கே. அதுவும் நான் பக்கத்துல நின்னு உன்னை முறைக்க முறைக்க. என்னை மன்னிச்சுடும்மா.

கை இப்ப தோள் மட்டத்துக்கு வந்திருக்கு. முதலாளியும் காத்திருக்குறேன்னு சொல்லியிருக்கார். ஆனா இழுக்குறவளே தலையைத் தடவிக்குடுத்தா அவருக்கு ஆகல, தட்டிவிடுறார். அவருக்குத் திட்டுறதுக்கு ஒருத்தி வேணும், கையைப் பிடிச்சுக்க இன்னொருத்தி வேணும். நான் ஒருத்தியே ரெண்டுமா இருக்க முடியலடி.

ஞாயித்துக்கிழமை வா. ஒரு வாரம் நான் இழுக்குறேன், நீ தலைமாட்டுல உக்காரு. அடுத்த வாரம் நீ இழு, நான் உக்காந்துக்குறேன். உங்க அண்ணன்கிட்ட நீயும் ஒரு நாளாவது நல்லவளா இருக்க வேண்டாமா?

முதல் வாரம் நானே கெட்டவளா இருந்துக்குறேன்.

உன் அண்ணி