ஒன்பதாம் எண் சட்டை

நேற்று மாலை உன் மகன் வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனை கூடம் முழுக்கப் பரவியது. உள்ளே நம் எஸ்டேட் கால்பந்துக் குழுவின் பச்சைச் சட்டை. முதுகில் வெள்ளைத் துணியில் வெட்டித் தைத்த ஒன்பது.

“மாமா, இது ஒங்க ஜெர்சி. அப்பா பொட்டியில பத்திரமா வெச்சிருந்தாரு. ஞாயித்துக்கெழம டோர்னமெண்டுக்கு மண்டபத்துல கண்ணாடி போட்டு மாட்டப் போறோம் லா. நீங்கதான் சைன் போட்டுத் தரணும்.”

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் காரியத்துக்கு வந்தபோதுகூட உன் பிள்ளைகளின் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. காரணம் உனக்குத் தெரியும்.

இப்போதெல்லாம் ஆட்டக்காரனின் பெயரையே சட்டையில் அச்சடித்துவிடுகிறார்கள். நம் காலத்தில் எண் ஆளுக்கு இல்லை, இடத்துக்கு. ஐந்து என்றால் தடுப்பின் நடுவில் நிற்பவன். ஒன்பது என்றால் முன்னால் நின்று கோல் அடிப்பவன். எஸ்டேட் கணக்கு எழுதிக்கொண்டு நம் குழுவையும் நடத்திய பெரிய கிராணிக்கு அது வேதவாக்கு. அந்த மனிதரின் பிடிவாதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அன்று கம்போங் ராஜா ஊர்க் குழுவோடு நம் திடலில் ஆட்டம். மாநில இளைஞர் குழுவுக்கு ஆள் எடுக்கத் தலைநகர் குவாந்தானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஆட்டம் தொடங்கும் முன்பே கிராணி அவரிடம் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டார். ஒன்பதுக்கு நேரே என் பெயர், ஐந்துக்கு நேரே உன் பெயர். முதல் பாதியிலேயே எனக்குக் கால் சுளுக்கிக்கொண்டது. இடைவேளையில் கிராணி நம் இருவரையும் இடம் மாற்றினார். அதோடு விட்டாரா?

“சட்டையையும் கழட்டி மாத்துங்கடா. அஞ்சாம் நம்பரப் போட்டுக்கிட்டு முன்னால நின்னா பாக்கறவன் சிரிப்பான்.”

குளிரில் பல் கிட்டிக்க, வெற்று உடம்போடு நின்று மாற்றிக்கொண்டோம். என் வியர்வைச் சட்டையை முகர்ந்துவிட்டு, “குளிச்சு எத்தன நாளாச்சுடா?” என்றாய்.

பிறகு தேயிலைச் சரிவிலிருந்து பனி இறங்கித் திடலை மூடியது. பின்னால் நின்ற எனக்கே நீ ஒரு முதுகாகவும் ஓர் எண்ணாகவும்தான் தெரிந்தாய். இரண்டு கோல் போட்டாய். இரண்டாவதற்குப் பாதித் திடலைப் பந்தோடு ஓடிக் கடந்து, இடது காலால் உதைத்தாய். சத்தத்தை வைத்துத்தான் கோல் என்று தெரிந்துகொண்டோம்.

இரண்டு வாரத்தில் மாநிலக் குழுவுக்கு வரச்சொல்லி, பட்டியலில் ஒன்பதுக்கு நேரே இருந்த என் பெயருக்குக் கடிதம் வந்தது. கிராணி நம்மைக் கூப்பிட்டு, “இப்பப் போயி மாத்திச் சொன்னா ரெண்டு பேரையும் வேணாம்னுடுவான்” என்றார். நான் உன்னைப் பார்த்தேன். “நீ போடா. யாராச்சும் ஒருத்தன் போனா சரி லா” என்றாய். நீ சொன்னதால்தான் போனேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை அதுவல்ல. நீ சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். அன்று வீட்டுக்குப் போய்ப் பையில் துணி அடுக்கும்போது வெட்கமே இல்லாமல் விசிலடித்தேன்.

மூன்று வருடம் ஆடினேன். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் அந்தப் பேரை வைத்துத்தான் தானா ராத்தா பட்டணத்தில் அரசாங்க வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது. நீ எஸ்டேட்டில் பூச்சிமருந்து டின்னை முதுகில் கட்டிக்கொண்டு மலை ஏறினாய். வழியில் பார்த்தால் கை காட்டுவாய். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

உன் மகன் பேனாவை நீட்டினான். “இந்த ரெண்டு கோலப் பத்தி அப்பா எத்தன தடவ சொல்லிருக்காரு தெரியுமா மாமா? பனியில நீங்க பாதித் திடல் ஓடிப் போயி எடது கால்ல அடிச்சீங்களாமே. அப்பா பின்னால நின்னு பாத்தாராம்.”

என் கை அப்படியே நின்றுவிட்டது. உன் கோலை என் கோலாக உன் பிள்ளைகளுக்கே சொல்லி வளர்த்திருக்கிறாய். ஏன்டா?

சொல்லிவிட்டேன். “தம்பி, அத அடிச்சது ஒங்கப்பா.” சட்டை மாற்றியது, பட்டியல், கடிதம், ஒன்றையும் விடவில்லை. முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்படின்னா அப்பா எங்ககிட்ட பொய் சொன்னாரா மாமா?”

கேட்ட குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. நீ அவனுக்கென்று காணியா, வீடா விட்டுப் போனாய்? நீ சொன்ன பேச்சுதான் அவனிடம் மிச்சம். அதில் ஒன்று பொய் என்றால் மற்றதெல்லாம் என்ன ஆகும் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. அன்று ஆடியவர்களில் இந்த மலையில் மீந்திருப்பவன் நான் ஒருவன்தான். வேறு யாரிடமும் அவன் போய்க் கேட்கவும் முடியாது.

“இல்லப்பா. வயசாச்சுல்ல, நான்தான் கொழப்பிக்கிட்டேன்” என்றேன்.

“அதானே பாத்தேன். அப்பா அப்படிலாம் சொல்ல மாட்டாரு லா.”

அவன் முகம் தெளிந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அவன் சட்டையை மடித்துப் பையில் வைத்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திக் கைதட்டுவார்கள். நான் நிற்பேன். அந்த இரண்டு கோலும் உன்னுடையவை என்று இனி நான் சொல்லக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். நீயோ இல்லை.