கடைசிக் குடம்

நான்தான் அன்றைக்கே சொன்னேனே, தங்கச்சி. நீ கவுன்சிலர் ஆவாய், அதுவே உன்னைக் கொண்டுபோகும் என்று. எட்டாவதோடு நின்றவன் பேச்சு, யார் கேட்டார்கள்? இன்று காலை உன் பச்சைக் குடத்தில் லாரித் தண்ணீர் பிடித்தேன். பிளீச்சிங் பவுடர் வாடை குப்பென்று ஏறியது. கண் எரிந்தது அதனால்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்னால் நம் தெருவில் எண்பதுகளில் மகளிர் மன்றம் நடத்தினாய். லாரி வந்தால் அடிதடி, மண்டை உடையும். நீதான் வரிசைக்கு ஒரு முறை வைத்தாய்: யார் எப்போது வந்தாலும் மன்றத் தலைவியின் குடம் கடைசி. அது கடைசியில் நிற்பதைப் பார்த்தே சண்டை அடங்கியது. பல நாள் உன் முறை வருமுன் லாரி காலியாகிவிடும். அந்த யோசனை என்னுடையது என்பார்கள், நான் மறுப்பதில்லை.

தொண்ணூறுகளில் நகராட்சித் தேர்தல் வந்தது. நம் வார்டு பெண்களுக்கு என்றானதும் தெருவே உன் வாசலில் நின்றது.

"எனக்கு இன்னாத்துக்கு அண்ணாத்தே இதெல்லாம்? மன்றமே போதும்."

"லாரி கேக்க மன்றம் போதும் தங்கச்சி. தெருவுக்குக் கொழா கேக்கணும்னா உள்ள போயி உக்காரணும்," என்றேன்.

எதிர்வீட்டு மேரி சிரித்தாள். "போய் உக்காருக்கா. அப்பால எங்க கொடத்த எட்டி ஒதைக்காம இருந்தா சரி."

"ஒதைச்சா என் கொடத்த நீயே ஒட்ச்சிடு," என்றாய்.

ஜெயித்தாய். ஊர்வலம் ஆவடி வரை நீண்டது. நாற்பது பேர்தான் என்பவர்களுக்குக் கண் சரியில்லை.

அடுத்த லாரி நேராக உன் வாசலில் நின்றது. "கவுன்சிலரம்மா, மொதல்ல உங்களுக்கு," என்று டிரைவர் ரப்பர் ஓஸை உன் குடத்தில் விட்டான். நீ ஓஸைப் பிடுங்கி எறிந்து, "என் கொடம் கடைசிடா," என்றாய்.

அப்படியும் மேரி உன்னை மேடம் என்று கூப்பிட ஆரம்பித்தாள். நகராட்சிக்கு நடையாய் நடந்தாய், குழாய் வரவில்லை. முன்போல யாரும் உன் வாசலில் வந்து உட்காரவில்லை. பிறகு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரி. பதவிக்காலம்கூட முடியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் அந்த ஓஸ் கதையைச் சொன்னேன். எல்லோரும் அழுதார்கள். மேரி என்னை ஒரு பார்வை பார்த்தாள், மறுக்கவில்லை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன், உனக்குத் தெரியாததில்லை. ஓஸைப் பிடுங்கியது என் கைச்சரக்கு. குடம் நிரம்பும்வரை நீ தலைகுனிந்து நின்றாய். பிறகு அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய் மேரியின் படியில் வைத்தாய். அவள் கதவைத் திறக்கவில்லை. பொழுது சாயும்வரை குடம் அங்கேயே இருந்தது. நான்தான் எடுத்து வந்தேன். நீ திரும்பக் கேட்கவே இல்லை.

இப்போதும் அதை வரிசையில் கடைசியாகத்தான் வைக்கிறேன். மேரி அதைத் தாண்டித்தான் தினமும் போகிறாள். உடைக்கக்கூட இல்லை, தங்கச்சி.