எதற்கு நன்றி என்று கேட்டீர்களே

என்னங்க,

ஆஸ்பத்திரியில் எனக்கு இன்று காலை டியூட்டி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. சாப்பாடு கட்டில் பக்கத்து ஸ்டூலில் இருக்கிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். கட்டுப்போட்ட காலைத் தொங்கவிடவும் கூடாது.

நேற்று நம் வீட்டு ஜெபக் கூட்டத்தில் நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். எல்லோரும் போனதும், "எதுக்கு நன்றி? லிஃப்ட்ல மாட்டி கால் ஒடிஞ்சதுக்கா?" என்று கேட்டீர்கள். நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன்.

நீங்கள் லிஃப்டை ரிப்பேர் பார்க்க இறங்கியபோது மெயின் சுவிட்சை அணைக்க மறந்த உங்கள் வேலைக் கூட்டாளி போன வாரம் போனில் அழுதார். "விடுப்பா, நான் எதையும் மனசுல வச்சுக்கல. கர்த்தர் என்னை எவ்வளவோ மன்னிச்சிருக்கார்" என்றீர்கள். சமையலறையில் நின்று கேட்டேன். உங்கள் முன்கோபம் எனக்குத் தெரியாதா? அந்த மனசு கர்த்தர் கொடுத்தது. கால் பழையபடி ஆகாவிட்டாலும் அது உங்களிடம் இருக்கும். அதற்குத்தான் நன்றி சொன்னேன்.

பதினோரு மணிக்கு ஒருவர் வருவார். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம், எதிர்வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்திருக்கிறேன்.

பி.கு: வருகிறவர் உங்கள் கூட்டாளிதான். விபத்து நடந்த மறுநாளே பார்க்க வரட்டுமா என்று கேட்டார். "இந்த வீட்டு வாசல மிதிக்காதீங்க" என்று சொன்னது நான்தான், உங்களுக்குத் தெரியாது. இன்று விடிந்ததும் நானே கூப்பிட்டு, "வாங்கண்ணா" என்றேன். நான் வரும்வரை அவரைப் போகவிடாதீர்கள். நான் அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.