பூக்கடைக்கு லினக்ஸ் வந்த வாரம்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காற்று. கடை முழுக்க மண். சாரல் வழக்கம்போலத் தென்காசியோடு நின்றுகொண்டது. நமக்கு வந்து சேர்வது புழுதி மட்டும். ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை, ரிப்பேருக்கு வந்த கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டியது. ஒன்றிலிருந்து முறுக்குத் துண்டு.

நாளை பூ மார்க்கெட். கமிஷன் கடைக் கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் ஏற்ற வேண்டும். மெஷின் பழசு, புது விண்டோஸைத் தாங்காது. வேறு வாங்குங்கள் என்றால் அந்தக் கடை முதலாளி அண்ணாச்சி சிரிக்கிறார். லினக்ஸ் போடலாம், ஓசி, பழைய மெஷினிலும் நன்றாக ஓடும் என்று சொன்னது நான்தான். என் வாய் சும்மா இருக்காது.

எடுத்துப் போக: பென் டிரைவ். தூசி பிரஷ். ஸ்க்ரூ டிரைவர் (சிவப்புப் பிடி, நீலம் வழுக்குகிறது). பொறுமை.

பொறுமை கனகமணி அக்காவுக்காக. அந்தக் கடையில் சிட்டை போடுவது அவள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்த நாற்காலி அவளுடையது. விவசாயி பூவை எடை போட்டதும் என்ன பூ, எத்தனை கிலோ, என்ன விலை என்று தட்டி, பிரிண்டரில் வரும் ரசீதை, அதுதான் சிட்டை, நீட்டிவிடுவாள். எது எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியும், பெயர் தெரியாது. இனி எல்லாமே இடம் மாறப்போகிறது. போனில் கேட்டாள், பச்சைப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லித் தருவேனா என்று. தருவேன் என்றேன். போன வாரம் தையல்கடை ஜெசிக்குச் சொல்லிக்கொடுத்து அவள் அழுததை இவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

காற்று குறைவு. வெயில் மண்டையைப் பிளந்தது. மதியம் மார்க்கெட். தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள், செருப்பு முழுக்கக் கேந்திப்பூ இதழ்.

அக்கா தயாராக இருந்தாள். கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம். ஃபேன் ஓட்டைக்குள் போகாமல் தடுத்தேன். மானிட்டர் மேல் ஒரு முழம் பிச்சி. நான் கிராப் வெட்டிக்கொண்டதிலிருந்து என் தலையில் பூ வைக்க முடியாத ஆதங்கம் அவளுக்கு; அதை மானிட்டரில் தீர்த்துக்கொள்கிறாள்.

பென் டிரைவ் போட்டதும் லினக்ஸ் கிளம்பியது. சும்மா பார்க்கிறீர்களா, நிறுவலாமா என்று திரையில் கேட்கும். நிறுவப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள். ராகு காலமாம். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை. கடை ஓய்ந்து கிடப்பதும் அந்த நேரம்தான். தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துப் பார்த்தேன், அசையவில்லை. திருவேங்கடத்தில் ஒரு வேலை காத்திருக்கிறது, ஸ்கூட்டருக்குத் தூரம், பஸ் போய்விடும், எனக்கு எரிச்சலான எரிச்சல்.

சரி, அதுவரை பொழுது போகட்டும் என்று ‘சும்மா பார்’ என்பதை அமுக்கினேன். இது பென் டிரைவிலிருந்தே ஓடும், கம்ப்யூட்டரில் எதையும் தொடாது, அணைத்தால் ஒன்றும் மிஞ்சாது என்றேன்.

‘அப்பம் இது கணக்குல சேராதா?’

சேராது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. பின்னணிப் படத்தை மாற்றினாள், பிடிக்கவில்லை என்று மறுபடி மாற்றினாள். எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கினாள். கணக்குத் தாளைத் திறந்து, முதலாளி பெயரில் நூறு கிலோ அரளி வரவு வைத்து அவளே சிரித்தாள். எல்லாவற்றையும் மூடித் தொலைத்துவிட்டு, எங்கே போச்சு எங்கே போச்சு என்று தேடி அவளே கண்டுபிடித்தாள். ஜெசிக்கு மூன்று நாள் தொண்டை வறளச் சொன்னது எல்லாம் இவளுக்கு நான் வாயைத் திறக்காமலே வந்துவிட்டது. பெருமையாக இருந்தது. என் பெருமை இல்லை, ஆனாலும்.

ஒன்றரை தாண்டியதும் நிறுவினேன். பழையது போய்விட்டது, இனி லினக்ஸ் மட்டும்தான். அது ஏறும்போது புதியவர்களுக்கென்று படம் படமாக விளக்கம் ஓடும். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அக்கா அதை விளம்பரம் என்று நினைத்துத் தூக்குச்சட்டி கழுவப் போய்விட்டாள்.

திருவேங்கடம் போகவில்லை. நாளை அவர்களிடம் ஏச்சு வாங்க வேண்டும். வீட்டுக்காரர் (டவுன் பஸ் கண்டக்டர், எல்லாச் செய்தியும் எனக்கு முன்னே அவருக்கு வந்துவிடும்) சோற்றுத் தட்டில் கை வைக்கும் முன்னே கேட்டார்: ‘ஒன் லினக்ஸுக்கு ஜாதகம் பாத்தாச்சா?’ மோரை ஊற்றாமல் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

மறுபடி காற்று. கொடியில் காயப்போட்ட சேலை பக்கத்து மாடியில்.

காலையிலேயே முதலாளி அண்ணாச்சி போன். போனால், அக்கா கார்பன் வைத்துக் கையால் சிட்டை எழுதிக்கொண்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. கணக்குத் தாள் திறந்தபடி. ஒரு எழுத்து இல்லை. முன்னால் பத்துப் பதினைந்து பேர் கூடையோடு.

நேற்று என்ன ஆட்டம் ஆடினாள். இன்று மவுஸ் பக்கம் கை போகவே இல்லை. நான் அவள் கையை எடுத்து மேலே வைத்தேன். சூடு பட்டதுபோல் இழுத்துக்கொண்டாள். கூட்டம் ஓய்ந்தபின் என்னக்கா என்று கேட்டேன்.

‘நேத்து அது இன்னும் வரலல்லா. வராத மாப்பிள்ளைய எப்பிடின்னாலும் கேலி பண்ணலாம். வந்து மணையில ஒக்காந்துட்டாம்னா வாயப் பொத்திக்கிடணும். இப்பம் நான் தப்பா ஒண்ணத் தட்டுனா அது தப்புதான?’

தப்பை அழிக்கலாம், முன்னால் இருந்தபடி திருப்பிக்கொள்ளலாம் என்று ஏதோ சொன்னேன். அதை நேற்று அவளே பத்துத் தடவை செய்தவள்.

அண்ணாச்சி கெட்டவர் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை மார்க்கெட்டில் நிற்க இடம் இருக்காது, கையால் எழுதி மாளாது. அதற்குள் சரியாகாவிட்டால் சிவகிரியிலிருந்து மச்சினன் மகளை வரச்சொல்லப் போகிறார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளையாம். கனகமணி உள்ளே பூ பிரிக்கட்டும் என்றார். அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அவளுக்குப் பழகியதைப் பிடுங்கிப் போட்டவள் நான். ஓசி, நன்றாக ஓடும் என்று வாயடித்தவள் நான். அவள் ஒரு வார்த்தை ஏசவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். ஏசியிருக்கலாம்.

திருவேங்கடத்துக்காரர்கள் ஏசினார்கள். அது பரவாயில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் போட்ட பந்தல் கம்புகளை இன்னும் எடுக்கவில்லை, ஸ்கூட்டரை வளைத்து வளைத்து ஓட்டியதில் காய்கறிப் பை கிழிந்தது. தக்காளி போச்சு.

தக்காளி பொறுக்கும்போதுதான் தோன்றியது. அவளுக்கு ‘சும்மா’ பிடிக்கிறது என்றால் சும்மாவே கொடுப்போமே.

மதியம் பென் டிரைவோடு போனேன். அந்த மெஷினில் யு.எஸ்.பி. ஓட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருக்கிறது (கீபோர்டும் மவுஸும் பழைய உருண்டை ஓட்டையில்). பிரிண்டரைக் கழற்றிவிட்டு அதில் பென் டிரைவ். இது கணக்கில் சேராதக்கா என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், குழந்தைக்கு மிட்டாய் காட்டுகிறாயா என்பதுபோல். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

நான் விவசாயி, அவள் கடை. மல்லி மூணு கிலோ. பிச்சி ஒண்ணரை. கேந்தி ஒரு மூட்டை. விலையைக் கேட்டு வேண்டுமென்றே சண்டை போட்டேன். அவளும் போட்டாள், நிஜமாகவே கோபம் வந்துவிட்டது இரண்டு பேருக்கும். விரல் நிற்கவில்லை. பழைய கம்ப்யூட்டரில் தட்டிய அதே வேகம் இல்லை, முக்கால்வாசி வந்துவிட்டது.

இதிலேயே ஓட்டிவிடக் கூடாதா என்று கேட்டாள். முடியாதே. கரண்ட் போனால் அத்தனை சிட்டையும் போய்விடும். பிரிண்டர் மாட்டவும் இடமில்லை. உள்ளே இருப்பதும் இதுவும் ஒன்றுதானக்கா, எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான் என்றேன்.

‘எனக்குத் தெரியுதுட்டி. கைக்குத் தெரிய மாட்டேங்கு.’

பென் டிரைவை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். விடியுமுன் கடை திறந்ததும் கொஞ்ச நேரம் பழகுகிறேன் என்றாள். சனிக்கிழமை நானும் வந்து பக்கத்தில் நிற்கட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். நீ நின்றால் உன்னையே பார்ப்பேன் என்றாள்.

ஞாபகத்துக்கு: இனி யாருக்குப் போட்டாலும் முதலில் நிறுவாதே. ஒரு வாரம் பென் டிரைவோடு விட்டுவிடு. பழையதை அழிக்க அவசரப்படாதே. வந்த ஆள் குட்டிச்சுவராக்கி விளையாடட்டும். ராகு காலம் பார்க்காதவர்களுக்கு நானே ஒரு ராகு காலம் வைக்க வேண்டும். ஜெசியைப் போய்ப் பார்க்க வேண்டும், தக்காளியும் வாங்க வேண்டும்.

வீட்டுக்காரர் இன்று கேலி செய்யவில்லை. அவர் பஸ்ஸில்தான் அக்கா தினமும் வீட்டுக்குப் போகிறாள். வெள்ளிக்கிழமை கூட்டத்திலும் சீட் பிடித்துக் கொடுத்தாராம். அவள் இறங்குகிற வரை மடியில் விரலால் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாளாம்.

ஆகஸ்ட் 23, சனி

மேகம் போட்டிருந்தது. மழை இல்லை. இட்லிக்கு மாவு புளித்துவிட்டது.

போகக் கூடாது என்று கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு லேப்டாப்பைக் கழற்றி, எந்த ஸ்க்ரூ எங்கே என்று மறந்து, திரும்ப மாட்டி, மறுபடி கழற்றினேன். ஒன்பது தாண்டி போன். பின்னால் மார்க்கெட் இரைச்சல்.

‘ஏட்டி கோமதி, இந்தப் பென் டிரைவ அப்பிடியே உருவிப்புடலாமா?’

உருவாதே, முதலில் முறையாக அணை, நான் வாரேன் என்று கத்தினேன். போன் ஏற்கெனவே கட்டாகியிருந்தது. ஷட்டரைக்கூட இறக்கவில்லை, எதிர் டீக்கடையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். வழியில்தான் உறைத்தது, சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம். அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

மார்க்கெட்டில் கால் வைக்க இடமில்லை. மல்லி விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்ததால் எல்லோரும் சத்தமாகப் பேசினார்கள். கூடைகளுக்கு நடுவில் புகுந்து போனேன். கடை வாசலில் புதிதாக ஒரு பெண், சுபா, சிவகிரியிலிருந்து வந்த அந்த மச்சினன் மகள். தோளில் பை தொங்க நின்றபடியே நடந்ததை என் காதில் சொன்னாள்.

இளையரசனேந்தல் ஊர்க்காரர் ஒருவர், பூ கொண்டுவந்த வயசாளி. அக்கா இன்றும் கையால்தான் எழுதிக்கொண்டிருந்தாளாம், அவர் சிட்டை வர நேரமாகிவிட்டது. அவர் ஊர் பஸ் கிளம்பப் போகிறது, அதை விட்டால் பிறகு மதியம்தான். அவர் கெஞ்ச, அண்ணாச்சிக்குப் பொறுமை போய், கனகமணியை எழுந்திரு, பிள்ளைக்கு இடம் கொடு என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டார். அக்கா எழுந்துவிட்டாளாம். எழுந்தவள் அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்தாளாம். போனை எடுத்து யாரிடமோ என்னவோ கேட்டாள், பதிலுக்கு நிற்கவில்லை. குனிந்து பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு ஒன்றை வெடுக்கென்று பிடுங்கினாள், பிரிண்டர் வயரைச் சொருகினாள், கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டாள். அது திரும்ப எழுகிற வரைக்கும் ‘ஒரு நிமிசம் இரும்யா, போயிராதேயும்’ என்று அவர் கூடையைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம்.

அவருக்குப் பஸ் கிடைத்ததா என்று கேட்டேன். ஓடிப் பிடித்துவிட்டாராம்.

சுபாவுக்கு நாற்காலி வரவே இல்லை. பிரிண்டரிலிருந்து வருகிற சிட்டையைக் கிழித்து ஆளைக் கூப்பிட்டுக் கொடுக்கிற வேலை தானாக அவள் கைக்கு வந்திருக்கிறது. நல்ல பிள்ளை, அதையும் சிரித்துக்கொண்டுதான் செய்தாள். அண்ணாச்சி தராசுப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கமே திரும்பவில்லை.

நான் சந்தில் நுழைந்து அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் இன்றைய கணக்கு, நிஜக் கணக்கு, பாதிப் பக்கம் நிறைந்திருந்தது. பிச்சி என்று அடிக்க வேண்டிய இடத்தில் மல்லி அடித்தாள். சொல்ல வாயெடுத்தேன். அவள் ‘ச்சு’ என்றாள், அழித்தாள், திரும்ப அடித்தாள், அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கா என்றேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்டே குனிந்து அக்கா என்றேன்.

திரும்பக்கூட இல்லை.

‘தள்ளி நில்லுட்டி, வெளிச்சத்த மறைக்கே.’