பத்திரத்தில் உள்ள வயது

அன்புள்ள பெரியாயிக்கு, கொழும்பில் கடைக் காவலில் இருக்கும் நல்லையா சொல்லச் சொல்ல மிப்ரான் தம்பி எழுதுவது. உன் முழங்கால் நோவு குறைந்ததா?

கொரோனாவுக்கு ஊரை மூடிய வருசம் மூத்த பேத்தி யசோதினி மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அதே வருசம் பிறந்த அவள் தங்கச்சியைப் பதிய அரசாங்கக் கந்தோர் திறக்கவில்லை. அக்காளின் பிறப்புப் பத்திரத்தையே இவளுக்கும் வைத்துக்கொண்டோம். இவள் முதுகெலும்பு ஆபரேஷனுக்கு இங்கே ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் கொடுத்தேன்.

நேற்று மயக்க மருந்து டாக்டர் அவள் கழுத்தில் ஸ்கேன் வைத்துப் பார்த்தார்.

"மூச்சுக் குழாய் அளவு பார்க்கிறேன். பத்திரம் ஒன்பது வயசுங்குது, தொண்டை அஞ்சாறுங்குதே, பெரியவரே?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். "ஆறுதாங்க. அது செத்த புள்ளயோட பத்திரம்."

"வயசை நம்பி மூச்சுக்குப் பெரிய குழாயைத் திணிச்சிருந்தா தொண்டை வீங்கி மூச்சு நின்னிருக்கும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

இப்போது சின்னக் குழாய் எடுத்து வைத்திருக்கிறார்கள். நாளை ஆபரேஷன். அவளுடைய பச்சைக் கம்பளிச் சட்டையை பஸ்ஸில் கொடுத்துவிடு. எனக்கும் கொஞ்சம் நம் தோட்டத்து லயத்துத் தேயிலை வை.

மண்சரிவில் போன நம் மகனும் மருமகளும் திரும்ப மாட்டார்கள். கோயிலில் அர்ச்சனைக்குப் பத்திரத்துப் பெயரைச் சொல்லிவிடாதே. உயிரோடு இருப்பவள் தனுசிகா.